ஷீபாவின் கோப்பில் ரெஜினா

போன மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் அந்த எச்சில் சோதனையைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள். சின்னக் குழாயில் எச்சிலைத் துப்பி கூரியரில் அனுப்பினால் போதுமாம். மரபணுவைப் பார்த்து, மனநோய் வருமா வராதா என்று அச்சடித்துத் தந்துவிடுவார்களாம். கேட்ட மூவரில் ஒருவர் பூதப்பாண்டியில் எங்கள் தெருவிலேயே இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார். மகனுக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் சித்தப்பா பல வருடமாக மனநல மாத்திரை சாப்பிடுகிறார் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். பெண் வீட்டாரிடம் எச்சில் கேட்கலாமா, கேட்டால் தப்பாக நினைப்பார்களா என்று என்னிடம் யோசனை கேட்கிறார். உங்கள் மகனின் எச்சிலையும் சேர்த்து அனுப்புங்கள் என்று சொன்னேன். அதிலிருந்து வாத்தியார் என்னைப் பார்த்தால் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடக்கிறார்.

நான் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தபோது எனக்குக் கீழே வேலை பழகிய ஜெயந்திதான் இப்போது வார்டு பொறுப்பில் இருக்கிறாள். அவளும் அதே புலம்பலோடு போன் செய்தாள். நோயாளிகளைவிடக் கூட வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லியே தொண்டை வற்றுகிறது, மரபணு மரபணு என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள், அந்த இரட்டைப் பிள்ளைகளின் கதையை எழுதிக் கொடுங்களேன் அக்கா, புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் படிக்கட்டும் என்றாள். அந்தக் கதையில் அதிகம் தப்புச் செய்தவள் நான். அது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

நான் மனநல ஆஸ்பத்திரிக்கு விரும்பிப் போனவள் இல்லை. நர்சிங் முடித்து இரண்டு வருடம் பிரசவ வார்டில் இருந்தேன். கல்யாணமாகி ஊருக்குப் பக்கத்தில் வேலை வேண்டும் என்று தேடியபோது ஓர் அறக்கட்டளை நடத்திய மனநல ஆஸ்பத்திரியில்தான் இடம் இருந்தது. பெயர் வேண்டாம். இருபத்து நான்கு கட்டில், முன்னால் ஒரு பெரிய புளியமரம், ஒரே ஒரு முழுநேர டாக்டர். ஆறு மாதம் பார்த்துவிட்டு மாறிவிடலாம் என்று சேர்ந்தேன். முப்பத்தொரு வருடம் ஓடிப்போயிற்று.

அந்த டாக்டரின் பெயர் சிவதாணு. மெலிந்த மனிதர். எதிரில் இருப்பவர் காதைக் கொடுத்தால்தான் கேட்கும், அவ்வளவு மெல்லப் பேசுவார். கோபம் வந்தால் குரல் உயராது. பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொள்வார். டாக்டர் பேனாவை மூடினார் என்று ஒருத்தி வந்து சொன்னால் வார்டில் எல்லோரும் தங்கள் வேலையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வோம்.

அவரிடம் ஒரு முறை இருந்தது. கோப்பில் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட வேண்டும். இடதுபக்கம் நோயாளி சொன்னது. வலதுபக்கம் கூட வந்தவர்கள் சொன்னது. முதலில் நோயாளியைத் தனியே உட்காரவைத்துக் கேட்க வேண்டும், அப்புறம்தான் வீட்டார். நோயாளி சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். "சம்பந்தமில்லாமல் பேசுகிறார்" என்று ஒருமுறை எழுதிவிட்டேன். என்ன பேசினார் என்று கேட்டார். எனக்கு ஞாபகமில்லை. அப்படியானால் சம்பந்தமில்லை என்று எப்படித் தெரிந்தது என்றார். எழுதியது தப்பாகப் போனால் தாளைக் கிழிக்கவோ வெள்ளை மை பூசவோ கூடாது. படிக்கிற மாதிரி ஒற்றைக் கோடாக அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கூட்டமான நாளில் இதெல்லாம் எனக்கு எரிச்சலாக இருக்கும். நாற்பது பேர் வெளியே காத்திருக்கும்போது கோடு போட்டுக்கொண்டிருப்பதா என்று ஜெயந்தியிடம் முணுமுணுத்திருக்கிறேன்.

ஷீபாவைக் கொண்டுவந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. கடற்கரை ஊர், அப்பா கட்டுமரக்காரர். மூன்று மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மீனில் யாரோ எதையோ தடவி வைக்கிறார்கள் என்றாள். ஓட்டுக்கு மேலே இரண்டு ஆண்கள் உட்கார்ந்து அவள் செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள் என்றாள். அம்மை அழுதுகொண்டு நின்றாள். அம்மைக்குப் பின்னால் நின்ற பெண்ணைப் பார்த்ததும் நான் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டேன். அதே முகம், அதே மூக்கு, இடது புருவத்தில் அதே சுழி. அவள் ரெஜினா. ஷீபாவுக்குப் பதினோரு நிமிடம் இளையவள். நல்லவேளை, பெற்றவர்கள் ஒரே மாதிரிப் பெயர் வைக்கவில்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். பெயர் வேறாக இருந்து என்ன பயன்?

ஷீபாவுக்கு மனச்சிதைவு நோய் என்று டாக்டர் முடிவு செய்தார். ஏழு வாரம் வார்டில் இருந்தாள். ரெஜினாதான் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். குரல் குறைந்தது, சாப்பாடு இறங்கியது. வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் ரெஜினா டாக்டரின் அறை வாசலில் வந்து நின்றாள். நான் உள்ளே கோப்பு அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"எனக்கும் வருமா டாக்டர்?"

டாக்டர் அவளை உட்காரச் சொன்னார். நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுத் தானும் உட்கார்ந்தார்.

"தெரியாது" என்றார். "மத்தவங்களைவிட உனக்கு வாய்ப்பு அதிகம். அதை மறைக்க மாட்டேன். ஆனா உங்களை மாதிரி ஒரே கருவுல பிறந்தவங்கள்ல ஒருத்தருக்கு வந்தா, இன்னொருத்தருக்கு வராமலே போறதுதான் பாதிக்கு மேல."

"ரெண்டு பேருக்கும் எல்லாம் ஒண்ணுதானே. பின்ன எப்படி எனக்கு வராம இருக்கும்?"

அதற்கு டாக்டர் சொன்ன விளக்கம்தான் இன்றைக்கும் நான் எல்லோருக்கும் சொல்வது. அக்கா தங்கை இரண்டு பேரும் கோயில் பாடகர் குழுவில் இருந்தவர்கள். பாட்டுப் புத்தகம் ஒன்றுதான் இருக்கும், ஆளுக்கொரு நோட்டில் பார்த்து எழுதிக்கொள்வார்கள். ஒரே புத்தகத்தைப் பார்த்து எழுதினாலும் இரண்டு நோட்டும் அச்சாக ஒன்று போல் இருக்குமா என்று டாக்டர் கேட்டார். இருக்காது என்றாள். ஒன்றில் ஒரு எழுத்து மாறும். ஒன்றில் ஒரு வரி விட்டுப்போகும், இல்லையென்றால் ஒரே வரியை இரண்டு தடவை எழுதிவிடுவோம் என்றாள். உடம்பும் அப்படித்தான் என்றார் டாக்டர். ஒரு கரு இரண்டாகப் பிரிகிறது. அதற்கப்புறம் இரண்டு உடம்பும் தனித்தனியே வளர்கிறது. ஒவ்வொரு செல்லும் பிரியும்போது மரபணுவைப் புதிதாகப் படி எடுக்க வேண்டியிருக்கிறது. கோடிக்கணக்கான தடவை. அதில் சின்னச் சின்ன வித்தியாசம் விழத்தான் செய்யும். ஒருத்திக்கு ஒரு துண்டு கூடுதலாக இருக்கும், இன்னொருத்திக்கு அதே துண்டு இருக்காது. அதுபோக எந்தப் பிள்ளை எடை குறைவாகப் பிறந்தது, எதற்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்தது, எது எதைப் பார்த்துப் பயந்தது, எல்லாம் இருக்கிறது.

"அப்ப எனக்க நோட்டுல எந்த வரி மாறிக் கிடக்கு?" என்று கேட்டாள் ரெஜினா.

"அதைத்தான் உலகம் பூரா தேடிட்டிருக்காங்க. எனக்குத் தெரியாது."

அவள் எழுந்து போனபின் டாக்டர் என் பக்கம் திரும்பினார். இப்படிக் கேட்கத் தெரிந்த பிள்ளையிடம், 'தெரியாது' என்றுதான் என்னால் சொல்ல முடிகிறது என்றார்.

அடுத்த வருடம் வெளியூரிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் இரண்டு பேர் காரில் வந்தார்கள். இரட்டையர்களின் இரத்தம் வேண்டும் என்றார்கள். ஷீபா, ரெஜினா இரண்டு பேருக்கும் நான்தான் ஊசி போட்டு எடுத்தேன். ஐஸ் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். ஒவ்வொருத்தியிடமும் நாலு கையெழுத்து. முடிவு எப்போது வரும் என்று ரெஜினா கேட்டதற்கு எழுதுவோம் என்றார்கள். எழுதவே இல்லை. டாக்டர் இரண்டு கடிதம் போட்டபின் ஒரு பதில் வந்தது. இந்த ஆராய்ச்சியின் முடிவுகள் மொத்தக் குழுவுக்குத்தான், தனி நபருக்குச் சொல்வதற்கில்லை என்று இருந்தது. இரத்தம் மட்டும் தனி நபரிடமிருந்து. விதிமுறை அப்படித்தான் என்று டாக்டர் சமாதானம் சொன்னார். ஆனால் அந்தப் பெண் வருகிற மாதமெல்லாம் "ஏதாவது வந்துதா சிஸ்டர்?" என்று கேட்டது யாரிடம்? என்னிடம்தான்.

ஷீபா தேறினாள். முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாத்திரையை விட்டால் ஓட்டுக்கு மேலே ஆட்கள் வந்துவிடுவார்கள் என்று அவளே சொல்வாள். அதனால் விடுவதில்லை. அண்டி ஆபீசில் முந்திரிக் கொட்டை உடைக்கிற வேலைக்குப் போனாள். அந்தக் கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். மாதம் ஒருமுறை தனியாக பஸ் ஏறி வந்து மாத்திரை வாங்கிப் போவாள். நடுவில் ஒரே ஒரு தடவை நோய் கூடி இரண்டு வாரம் படுத்தாள். அப்போது ஒரு நர்சைத் தள்ளிவிட்டதால், மிகவும் கலவரமானால் தூங்கவைக்கிற இன்ன ஊசியைப் போடலாம் என்று டாக்டர் அவள் கோப்பில் எழுதி வைத்திருந்தார்.

ரெஜினாவைக் கடியப்பட்டணத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை. அக்காவின் நோயை மறைக்காமல் சொல்லித்தான் கல்யாணம் நடந்தது. அப்போது ஒன்றும் சொல்லாத மாமியார், ரெஜினாவுக்குப் பெண் குழந்தை பிறந்தபின் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு மருமகளைக் கவனிக்க ஆரம்பித்திருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.

நான் தப்புச் செய்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை, புறநோயாளிகள் நாள். காலையிலிருந்தே மழை. டாக்டர் அஞ்சுகிராமத்தில் முகாமுக்குப் போயிருந்தார், மதியம்தான் வருவார். அவர் வரும்வரை பொறுப்பு என்னுடையது. வராந்தா முழுக்க ஈரக்குடையும் ஆட்களும். பத்தரை மணிக்கு ஓர் ஆட்டோவிலிருந்து நடுவயதுக்காரர் ஒருவரும், கைக்குழந்தையோடு ஓர் அம்மாவும் ஒரு பெண்ணை இறக்கினார்கள். அந்தப் பெண் வரமாட்டேன் என்று தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடி கலைந்து, நைட்டியின் மேல் ஒரு துண்டு. பார்த்ததும் எனக்குத் தெரிந்த முகம். ஐயோ, ஷீபாவுக்குத் திரும்பவும் வந்துவிட்டதே என்று மனது கனத்தது.

கவுன்டரில் இருந்தவள் அந்த அம்மாவிடம், "ஷீபாதானே?" என்று கேட்டாள். "ஷீபாக்கு வந்த அதே சுகக்கேடுதான்" என்று அந்த அம்மா சொன்னாராம். மழைச் சத்தத்தில் கவுன்டர்க்காரிக்கு முதல் வார்த்தைதான் கேட்டிருக்கிறது. ஷீபாவின் கோப்பை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டாள்.

நான் பக்கத்தில் போய்ப் பெயரைக் கேட்டேன். அதுவரைக்கும் சரியாகத்தான் செய்தேன்.

"எனக்க பேரு ரெஜினா. ஷீபா எனக்க அக்கா. எனக்கு ஒரு சுகக்கேடும் இல்ல. எனக்க பிள்ளையை என்கிட்ட தாருங்க" என்றாள்.

கத்தித்தான் சொன்னாள். கத்திக்கொண்டே குழந்தையை வாங்க எட்டினாள். அந்த அம்மா குழந்தையோடு பின்னால் நகர்ந்தார். இவள் என் கையைத் தட்டிவிட்டு முன்னால் பாய்ந்தாள். நானும் ஜெயந்தியும் ஓர் ஆயாவும் சேர்ந்து பிடித்தோம். கோப்பில் டாக்டர் எழுதிவைத்த ஊசி இருக்கிறது, டாக்டர் வர இரண்டு மணி நேரம் ஆகும், வராந்தாவில் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஊசியைப் போட்டேன். கால் மணி நேரத்தில் அவள் பேச்சு குழறியது. கடைசியாக அவள் சொன்னது ஒரே வார்த்தைதான். "ரெஜினா."

நான் மேசையில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தேன். நடுக்கோடு போடவில்லை. "நோயாளி தன்னைத் தன் தங்கை என்று நம்புகிறார். தனக்கு நோய் இருப்பதை ஏற்க மறுக்கிறார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நன்றாக எழுதியிருக்கிறேன் என்று அப்போது ஒரு திருப்திகூட இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பன்னிரண்டு மணி இருக்கும். நனைந்த சேலையோடு ஒரு பெண் வார்டு வாசலில் வந்து நின்றாள். கட்டிலில் கிடப்பவளின் அதே முகம். ரெஜினாவுக்கு யாரோ சொல்லியனுப்பி ஓடிவந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"வா ரெஜினா. பயப்படாதே. அக்காவுக்குக் கொஞ்சம் கூடிப்போச்சு, சரியாயிடும்" என்றேன்.

அவள் என்னையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள். "சிஸ்டர், நான் ஷீபா" என்றாள். "அது ரெஜினா. நோய் எனக்கு. அவளுக்கு இல்ல."

எனக்குச் சலிப்பாக வந்தது. அதிர்ச்சியில் இவளும் குழம்பிவிட்டாளே என்றுதான் தோன்றியது. உட்காரம்மா, டாக்டர் வரட்டும் என்று நாற்காலியைக் காட்டினேன். அவள் உட்காரவில்லை. பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து என் முன்னால் நீட்டினாள். அட்டையைப் பிடித்திருந்த விரல்கள் நுனியில் கறுத்து, தோல் உரிந்து இருந்தன.

நான் கட்டிலுக்குப் போனேன். தூங்குகிறவளின் கையைத் திருப்பிப் பார்த்தேன். சுத்தமான கை. மோதிரவிரலில் கல்யாண மோதிரம். அதே கையைத்தான் காலையில் மூன்று பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டிருந்தோம். நைட்டியின் மார்பில் பால் கசிந்து நனைந்திருந்தது.

குழந்தையோடு வராந்தாவில் இருந்த அந்த அம்மாவிடம், ரெஜினாவின் மாமியாரிடம், போனேன். நாங்கள் ஷீபா ஷீபா என்று கூப்பிட்டதெல்லாம் உங்கள் காதில் விழவில்லையா, அந்தப் பெண் பெயரைச் சொல்லிக் கத்தினாளே, இவள் ரெஜினாதான் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதானே சிஸ்டர்" என்றார் அவர். "மருந்தும் ஒண்ணுதானே இருக்கும்னு நெனச்சேன்."

அவரை அடித்துவிடலாம் போல இருந்தது. அதே நேரம், நான் மட்டும் வேறு என்ன நினைத்தேன் என்றும் தோன்றியது.

குழந்தை பசியில் வீறிட்டுக்கொண்டிருந்தது. ஏழு மாதம். ஷீபாவைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டு இரண்டு கையையும் நீட்டியது. மாமியார் தரமாட்டேன் என்றார். நான் வாங்கி ஷீபாவிடம் கொடுத்தேன். அது அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்தது, மோந்து பார்த்தது, தலையை விலக்கி அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தது, பிறகு முன்னைவிடப் பெரிதாக அழுதது.

"நான் அம்மை இல்லன்னு பிள்ளைக்குத் தெரிஞ்சுபோச்சு" என்று ஷீபா மெதுவாகச் சொன்னாள். ஜெயந்தி பால்பொடி வாங்க ஓடினாள்.

டாக்டர் ஒரு மணிக்கு வந்தார். நான் எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். முதலில் ரெஜினாவின் நாடியையும் மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்தார். நாளை வரை தாய்ப்பால் கொடுக்க வேண்டாம் என்றார். பிறகு அறைக்கு வந்து நான் எழுதியிருந்ததைப் படித்தார். பேனாவை மூடிப் பையில் குத்தினார்.

"அவ என்ன சொன்னா? அவ வார்த்தையிலேயே சொல்லுங்க."

சொன்னேன். எனக்க பேரு ரெஜினா. ஷீபா எனக்க அக்கா. எனக்கு ஒரு சுகக்கேடும் இல்ல. எனக்க பிள்ளையை என்கிட்ட தாருங்க.

"இதுல எந்த வார்த்தை தப்பு?"

ஒன்றுமில்லை என்றேன். இடதுபக்கம் அதை எழுதியிருந்தால் யார் படித்தாலும் ஒரு நிமிடம் நின்றிருப்பார்கள் என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். ஷீபாவின் கோப்பில் நான் எழுதியதைக் கோடாக அடித்து, "வேறொருவரை இவர் என்று எண்ணி ஊசி போட்டேன். தவறு என்னுடையது" என்று எழுதச் சொன்னார். பெயரைச் சரிபார்க்கச் சொல்லித் தரவில்லை என்று தன் தவறையும் அதற்குக் கீழே அவர் எழுதினார். அறக்கட்டளைக்கும் அன்றே எழுதினார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வந்திருக்க வேண்டியதுதான்.

மறுநாள் காலையில் ரெஜினாவைத் தனியே உட்காரவைத்து இரண்டு மணி நேரம் டாக்டர் பேசினார். நானும் இருந்தேன். இந்தத் தடவை கோடு போட்டேன். குரல் கேட்கிறதா, யாராவது பின்தொடர்கிறார்களா, உன் நினைப்பு மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுகிறதா என்று ஒன்றுவிடாமல் கேட்டார். நேற்று நடந்ததற்காக எந்தக் கேள்வியையும் தவிர்க்கவில்லை. அவள் பொறுமையாகப் பதில் சொன்னாள். தனியாகப் பேசுகிறாள், தனியாகச் சிரிக்கிறாள் என்று மாமியார் சொன்னது, காதில் ஒயர் மாட்டிக்கொண்டு புருஷனோடு போனில் பேசுவது. தூங்குவதில்லை என்றது, ஏழு மாதக் குழந்தை தூங்கவிடாதது. பாத்திரத்தை வீசினாள் என்றது உண்மை. உன்னிடம் பிள்ளையை நம்பித் தரமுடியாது என்று சொல்லி மாமியார் இரண்டு நாளாகக் குழந்தையைத் தன் அறையில் வைத்துக்கொண்டிருக்கிறார். பால் கட்டி மார்பு வலித்தது. சோற்றுப் பானையைத் தூக்கி முற்றத்தில் எறிந்திருக்கிறாள். நானாக இருந்தால் மாமியார் மேலேயே எறிந்திருப்பேன்.

வெளியே வந்ததும், ஆட்டோவில் கூட வந்திருந்த நடுவயதுக்காரர், ரெஜினா புருஷனின் அண்ணன், டாக்டரிடம் ஒரு சான்றிதழ் கேட்டார். இவளுக்கு இனிமேல் இந்த நோய் வராது என்று எழுதித் தந்தால் வீட்டில் பிரச்சினை தீரும் என்றார். டாக்டர் எழுதித் தந்தது இரண்டே வரி. ரெஜினாவை இன்று பரிசோதித்தேன், இன்று அவருக்கு எந்த மனநோயும் இல்லை.

"இன்னைக்கு சரி. நாளைக்கு?" என்றார் மாமியார்.

"நாளைக்கு நீங்களும் வாங்க. உங்களையும் பரிசோதிச்சு எழுதித் தாறேன்" என்றார் டாக்டர், அதே மெல்லிய குரலில்.

நான் ரெஜினாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் குழந்தையின் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"நான் ஷீபாவாவே இருந்திருந்தா, சிஸ்டர்? பிள்ளையைத் தாருங்கன்னு அவ கேட்டிருந்தா? அப்பவும் அவ சொன்னதைக் கேட்காமத்தானே ஊசி போட்டிருப்பிய?"

இத்தனை வருடம் கழித்தும் நல்லதாக ஒரு பதில் கிடைக்கவில்லை. ஆளை மாற்றிப் போட்டதுதான் என் தப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அதற்கும் அடியில் கிடந்ததைத் தொட்டுவிட்டாள்.

அங்கிருந்து ரெஜினா நேராக அம்மை வீட்டுக்குப் போனாள். நாலு மாதத்தில் புருஷன் விடுப்பில் வந்தான். அவனை டாக்டர் கூப்பிட்டுப் பாட்டு நோட்டுக் கதையைச் சொன்னார். அவன் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "அவ எறிஞ்ச பானையை நான் பாத்தேன் டாக்டர். நல்ல பானை. அவளுக்கு அவ்வளவு கோவம் வந்திருக்கு" என்று மட்டும் சொன்னான். தனியாக ஒரு வாடகை வீடு பார்த்து அவளையும் பிள்ளையையும் அங்கே வைத்துவிட்டுத்தான் வளைகுடாவுக்குத் திரும்பினான். ரெஜினாவுக்கு இன்றுவரை அந்த நோய் வரவில்லை. நாளைக்கு என்ன என்று என்னைக் கேட்காதீர்கள்.

டாக்டர் ஓய்வுபெற்று, இறந்தும் போனார். கோப்பெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டது. திரையில் நடுக்கோடு போட வழி இல்லை, இருக்கிற சின்னக் கட்டத்தில் யார் சொன்னது என்றே தெரியாமல் எல்லாவற்றையும் கலந்து அடிக்கிறார்கள். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னொரு கட்டுரை ஆகும். நான் வேலையை விடுவதற்கு முந்தின மாதம் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

மாத்திரை கொடுக்கும் சன்னலில் பெரிய சத்தம். எட்டிப் பார்த்தேன். ரெஜினா. நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தாள், கொஞ்சம் சதை போட்டிருந்தாள். ஷீபாவின் மாத்திரை தீர்ந்துவிட்டது, திங்கட்கிழமை வாருங்கள் என்று உள்ளே இருந்தவர் சொல்லியிருக்கிறார். திங்கள்வரை அவள் எதைத் தின்பாள், மாத்திரை நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதென்றால் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள் என்று சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். வராந்தா முழுக்க அவளைப் பார்த்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. உள்ளே இருந்தவர் அலமாரியை எல்லாம் தேடி, எங்கிருந்தோ இரண்டு அட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

ஷீபா பின்னால் பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நீதான் தனியாக வந்துபோகிற ஆளாயிற்றே, இப்போதெல்லாம் தங்கையைக் கூட்டிக்கொண்டு வருகிறாயே, உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டேன்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர்" என்றாள். எனக்கும் கொஞ்சம் கடலையைக் கையில் கொட்டினாள். "மாத்திரை இல்லன்னு சொன்னா எனக்கும் கோவம் வரும். நான் கத்துனா நீங்க ஊசி போடுவிய. அதான் அவளைக் கூட்டிட்டு வாறேன்."